நோய்க்குப் பெயரான வைத்தியர்

அல்சைமர் என்றதும் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கும் ஒரு முதியவரின் முகம் உங்கள் மனக்கண்ணில் எழக்கூடும். அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியார்.

அலோயிஸ் அல்சைமர் 1864 யூன் 14 ஆம் திகதி ஜேர்மனியின் பவேரியாவிலே கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1888 இல் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையிற் பணியேற்றார். குழப்பஞ் செய்யும் நோயாளரைக் கட்டிவைப்பது அந்நாளைய வழக்கம். தலைமை வைத்தியர் சியோலியும் இவரும் அதனை இயன்றவரை கைவிட்டனர். கட்டுக்குப் பதிலாக வெந்நீர்க் குளிப்பும், அருகிருந்து பேசும் பேச்சும் மருந்தாயின.

1901 இன் தொடக்கத்தில் மனைவி செசீலியா மூன்று பிள்ளைகளை விட்டு மறைந்தார். அந்தத் துயர ஆண்டின் நவம்பர் 25 ஆம் திகதிதான் அவுகுஸ்தே டேற்றர் என்ற 51 வயதுப் பெண் அங்கே கொண்டுவரப்பட்டார். மறுநாள் அல்சைமர் அவரருகே அமர்ந்தார். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னார் அவர். தட்டிலிருந்த பூக்கோவாவைப் பசளிக்கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால் தொடங்கிய கையோடு மறந்துபோனார். தன்னையே தொலைத்துவிட்டதாக முறையிட்டார்.

நாமென்றால் என்ன செய்வோம்? பிழையென்று திருத்துவோம், பொறுமையிழந்தால் அதட்டுவோம். அல்சைமரோ கேள்வியையும் பதிலையும் அப்படியே குறித்துக்கொண்டார். மறுபடியும் வந்து கேட்டார். உளறல் என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பெண் பட்ட வேதனை எவருக்குந் தெரியாமற் போயிருக்கும்.

அவரால் நோயைக் குணமாக்க முடியவில்லை. 1903 இல் பிராங்பேர்ட்டை விட்டுச் சென்றார். அவுகுஸ்தே கடைசி நாட்களில் சுருண்டு கிடந்து, படுக்கைப் புண்ணால் வருந்தி, 1906 ஏப்ரல் 8 இல் இறந்தார். மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த அல்சைமர், நவம்பர் 3 இல் தூபிங்கன் நகர வைத்தியர் மாநாட்டில் தாம் கண்டதை எடுத்துரைத்தார். சபையில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை! 1910 இல் பேராசிரியர் கிறேப்பலின் தமது நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார்.

1915 டிசெம்பர் 19 இல், அவுகுஸ்தே வைத்தியசாலைக்கு வந்த அதே 51 வயதில், அல்சைமர் காலமானார். பிராங்பேர்ட்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவுகுஸ்தேயின் கோவை பல்லாண்டுகள் காணாமற்போய் 1995 இல் அந்நகரிலேயே கிடைத்தது. அவர் தம் பெயரை எழுத முயன்ற தாளும் அதற்குள் இருந்தது.