சங்கிலி பிடித்த லாம்ப்டன்

சர்வே கேம்ப்பில் டிராவர்ஸ் குளோஸ் ஆகவில்லையென்றால் நாம் என்ன செய்வோம்? மரத்தடியில் உட்கார்ந்து ரீடிங்கைக் கொஞ்சம் தட்டிச் சரிபண்ணி விடுவோம். (எல்லோரும் அல்ல, பெரும்பாலோர்!) அப்படிச் செய்யாத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வில்லியம் லாம்ப்டன் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை விரித்தார். ஏழரை மைல் அடிக்கோட்டுக்கு ஏறக்குறைய 400 தடவை சங்கிலி போட வேண்டியிருந்தது. வெயிலில் சங்கிலி நீளும் அல்லவா? தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து அதையும் கணக்கில் சேர்த்தார். எங்கள் பெரணமல்லூரில் பாவு போடும்போதே சேதாரத்துக்கென்று கொஞ்சம் நூல் கூட்டி விடுவார்கள். எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் தொழில்.

பிறகு மேற்கே முக்கோணம் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே போய், 1804-ல் பெங்களூரில் இன்னொரு கோட்டை நேரில் அளந்தார். கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் 4 அங்குலம்கூட இல்லை!

1808-ல் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவியின் வட்டம் நெளிந்துபோனது. வேறொருவர் என்றால் லீவு போட்டிருப்பார். இவர் ஆறு வாரம் உட்கார்ந்து நெளிவெடுத்தார்.

ஒரு பிழை மட்டும் பிடிபடவில்லை. பெங்களூர்ப் பக்கம் நட்சத்திரம் பார்த்துக் கண்ட அட்சரேகை, தரையில் அளந்ததோடு ஒத்துவரவில்லை. பூமிக்கடியில் கனமான தாது தூக்குக்குண்டை இழுத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். 1823 ஜனவரியில் ஹிங்கன்காட்டில், வேலை நடுவிலேயே இறந்தார்.

சந்தேகம் சாகவில்லை. வடக்கே கலியானா–கலியான்பூர் இடையில் 5.236 விநாடி வித்தியாசம் வந்தது. இமயமலை இழுப்பால் 15.885 வர வேண்டும் என்று 1855-ல் பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். அப்படியானால் மீதி எங்கே போயிற்று? மலைக்கடியில் லேசான பாறை வேராக இறங்கியிருக்கிறது என்றார் ஏரி. மலையின் அடர்த்தியே குறைவு என்றார் பிராட். ரீடிங் ஒன்று, அதற்குப் பொருந்தும் பூமிகள் இரண்டு!

இன்றும் இதே தலைவலிதான். 1995-ல் கென்னடி, எபர்ஹார்ட் இருவரும் பறவைக் கூட்டத்தைப் பார்த்து ஒரு கணக்குமுறை செய்தார்கள். புவியியற்பியலில் அதைப் பயன்படுத்தும்போது, நூற்றுக்கணக்கான கற்பனைப் பூமிகளைப் பறக்கவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தான் கண்ட நல்ல இடத்தையும் கூட்டம் கண்ட நல்ல இடத்தையும் பார்த்து நகரும். கருவிப் பிழைக்குள் பொருந்துகிற எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால், அவை எவ்வளவு பரவிக் கிடக்கின்றனவோ அவ்வளவு சந்தேகம் நம் விடையில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கூட்டம் அவசரப்பட்டு ஒரே இடத்தில் குவிந்துவிட்டால், சந்தேகம் குறைந்துவிட்ட மாதிரி ஏமாற்றும். அதனால் வழியில் அலைந்து கண்ட விடைகளையும் தூக்கி எறியாமல் குறித்து வைக்கிறார்கள்.