போஜராஜனும் சிற்ப சாஸ்திரமும்

போஜராஜன் என்றவுடன் முப்பத்திரண்டு பதுமைகள் தாங்கிய சிம்மாசனமும், அவை ஒவ்வொன்றாய் வாய் திறந்து உரைத்த விக்கிரமாதித்தன் கதைகளுமே நம் நினைவுக்கு வரும். வடமொழி பயின்றோர் அவனைச் சம்பூ ராமாயணம் இயற்றிய கவியரசனாகக் கொண்டாடுவர். பால காண்டம் தொடங்கிச் சுந்தர காண்டம் ஈறாக அவன் பாடினான் என்றும், எஞ்சிய யுத்த காண்டத்தை இலக்ஷ்மணர் என்னும் புலவர் பாடி நிறைவித்தார் என்றும் மரபு கூறும். அவ்வேந்தன் ஆலயம் எடுக்கும் கலையையும் ஒரு வித்தையாகக் கற்று நூல் செய்தவன் என்பதைப் பலர் அறியார். திருவிழாக் காலத்தில் கோபுரத்தையும் விமானத்தையும் அண்ணாந்து நோக்கித் தொழும் அன்பர்கள் அவன் வரலாற்றை ஒருமுறை கேட்டல் தகும்.

மாளவ நாட்டை ஆண்ட பரமார மரபில், சிந்துராஜனின் திருக்குமாரனாகத் தோன்றியவன் போஜன். கி.பி. 1010 அளவில் தாரா நகரத்தில் அரியணை ஏறினான். இன்று மத்தியப் பிரதேசத்தில் தார் என வழங்குவது அந்நகரமே. அவனுடைய பெரிய தந்தையான முஞ்சன், சாளுக்கியன் இரண்டாம் தைலபனிடம் சிறைப்பட்டு மாண்டவன். ஆகவே அரசோடு பகையும் போஜனுக்கு உரிமையாயிற்று. கல்யாணிச் சாளுக்கியரை எதிர்ப்பதில் நம் முதலாம் இராஜேந்திர சோழனும் அவனும் ஓரணியில் நின்றனர் என்பர் வரலாற்றறிஞர். இத்தனை போர்களுக்கிடையே இலக்கணம், அலங்காரம், யோகம், சோதிடம் எனப் பல துறைகளிலும் அவன் பெயரால் நூல்கள் எழுந்தன. அவற்றுள் சிருங்காரப் பிரகாசத்தை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் திருவாரூரில் பிறந்த டாக்டர் வே. இராகவன் ஆவார்.

கட்டடக் கலைக்கு அவன் வழங்கிய நூல் ஸமராங்கண சூத்ரதாரம். சூத்ரதாரன் என்றால் நூல் பிடிப்பவன். கயிறு பிடித்து அளவு காணும் சிற்பாசாரியனே அவன். 83 அத்தியாயங்கள் கொண்ட அந்நூல் நகர அமைப்பு, இல்லம், அரண்மனை, ஆலயம், பிரதிமை, சித்திரம் ஆகிய யாவற்றையும் பேசுகிறது. யந்திரங்களுக்கென்றே ஓர் அத்தியாயமும் உண்டு. போஜன் சிவபக்தன், ஆயினும் அவன் நூல் திருமாலுக்குரிய பிராசாதங்களையும் வகுத்துரைக்கிறது. தென்னாட்டுத் திராவிட விமானத்தையும் அந்த மாளவ வேந்தன் விட்டுவிடவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

அந்நூலில் அடியேன் மனத்தைக் கவர்ந்தது ஸ்தபதியின் இலக்கணம் கூறும் பகுதி. சாஸ்திர ஞானம், கைத்தொழில், நுண்ணறிவு, நல்லொழுக்கம் என்னும் நான்கும் ஸ்தபதிக்கு வேண்டும் என்கிறான் போஜன். ஏட்டுக் கல்வி மட்டும் உடையவன் வேலை வந்தபோது, போர்முனையில் கோழை மயங்குவதுபோல் மயங்குவானாம். கைப்பழக்கம் மட்டும் உடையவனோ பிறர் கைபிடித்து நடத்தும் குருடனை ஒப்பானாம். அரசன் ஒருவன் உளி பிடிப்போரைப் பற்றி இவ்வளவு நுணுகி எண்ணியது வியப்பே. பண்டிதர் ஏட்டோடும், தொழிலாளர் உளியோடும் வெவ்வேறு தெருக்களில் வாழ்ந்துவிட்டால் ஆலயம் என்ன ஆகும் என்ற கவலை அவனுக்கு இருந்திருக்கிறது.

அக்கவலைக்கு விடை காண்பதுபோல் நிற்கிறது பேத்வா நதிக்கரையிலுள்ள போஜபுரம். அங்குள்ள சிவாலயத்தைப் போஜனே எடுத்தான் என்பர். கருவறையில் ஏறத்தாழ 40 அடி உயரமுள்ள நான்கு தூண்கள். நடுவே ஏழரை அடி உயரமும் 18 அடியளவு சுற்றும் உடைய இலிங்கம். மேற்கூரை முடியவில்லை, சிகரம் எழவேயில்லை. சம்பூ ராமாயணத்துக்கு வாய்த்தது போல் இவ்வாலயத்துக்கு ஓர் இலக்ஷ்மணர் வாய்க்கவில்லை போலும்! எனினும் முடியாமல் நின்றதே நமக்குப் பேறாயிற்று. முடிந்த ஆலயத்தில் சாரத்தையும் சரிவுப் பாதையையும் அகற்றிவிடுவர். இங்கோ, பெருங்கற்களை உயரத்துக்கு இழுத்துச் செல்ல அமைத்த சாய்தளம் கோயிலின் பின்புறத்தில் இன்றும் கிடக்கிறது. அருகிலுள்ள பாறைகளில் மண்டபத் தளங்கள், தூண்கள், சிகரங்கள் ஆகியவற்றின் வரைபடங்களைக் கீறி வைத்துள்ளனர். ஏட்டில் இருந்த அளவு கல்லுக்கு இறங்கிய இடம் அப்பாறையே எனலாம். அவ்வரைகளையும் போஜனின் நூலையும் ஒருங்கே வைத்து ஆதம் ஹார்டி என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து, 2015-இல் விரிவான நூல் வெளியிட்டார்.

போஜனின் இறுதிக்காலம் துயரமானது. கூர்ஜரத்துப் பீமனும் சேதி நாட்டுக் கர்ணனும் கூடி மாளவத்தை நெருக்கிய வேளையில், 1055 அளவில் அவன் மறைந்தான். பின்வந்த உதயாதித்தன் நாட்டை மீட்டு, உதயபுரத்தில் அழகிய ஆலயம் எடுத்தான். அவ்வூர்க் கல்வெட்டு, கேதாரேசுவரர், இராமேசுவரர், சோமநாதர் முதலிய திருநாமங்களில் போஜன் எழுப்பிய ஆலயங்களைப் புகழ்கிறது. ஸமராங்கண சூத்ரதாரமோ நெடுங்காலம் சுவடிகளில் உறங்கிற்று. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரிகள் அதனைப் பரிசோதிக்க, 1924, 1925-ஆம் ஆண்டுகளில் பரோடாவில் இரு பகுதிகளாக அச்சேறியது.

வடநாட்டு யாத்திரை செல்லும் அன்பர்கள் போபாலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் போஜபுரத்தை அடையலாம். சந்நிதியைக் கண்டு திரும்பிவிடாமல் அப்பாறைகளுக்கும் செல்லுதல் வேண்டும். வெயில் சாய்ந்த வேளையில் பக்கவாட்டு ஒளி விழும்போது கீறல்கள் தெளிவாய்த் தெரியும்.