சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

ஒரு அரியர் விழுந்தாலே எல்லாம் முடிஞ்சுதுன்னு உட்கார்ந்துடுறோம் இல்லையா? அப்படின்னா, நம்ம வேலூரில் வாழ்ந்த டாக்டர் மேரி வர்கீஸைத் தெரிஞ்சுக்கங்க.

கேரளத்தில் 1925-ல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தார். 1954 ஜனவரியில், நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. முகத்திலும் பலத்த காயம். மகப்பேறு மருத்துவராகும் கனவு அதோடு போச்சு.

அங்கேதான் டாக்டர் பால் பிராண்ட் வருகிறார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். அதற்குக் கால் வேண்டாம், கை போதும் என்று அவருக்குத் தோன்றியது. மேரி பயந்தார், ஆனாலும் கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் வந்த டாக்டரைப் பார்த்த நோயாளிகளுக்குத் தனியா தைரியம் சொல்லணுமா என்ன!

அதோடு நிற்கவில்லை. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார்.

நடக்கும் கால் வேண்டும் என்று ஜெபித்தவருக்குக் கால் திரும்பக் கிடைக்கவில்லை. கூட நிற்க ஆட்கள் கிடைத்தார்கள். செய்ய வேலை கிடைத்தது. அதையே கடவுளின் பதிலாக அவர் ஏற்றுக்கொண்டார்.

உங்க ஹாஸ்டலில் சோர்ந்து கிடக்கும் ஜூனியர் யாராவது இருக்காங்களா? போனதைப் பற்றிப் பேசாதீங்க. மிச்சம் என்ன இருக்குன்னு கூட உட்கார்ந்து தேடுங்க.