அடி வாங்கிய பையன், விழக் கற்றுக்கொடுத்த குரு... ஜூடோ பிறந்த கதை!

ஜூடோ வகுப்பில் சேர்ந்த முதல் நாளே யாரையாவது தூக்கி வீசிடலாம்னு நினைச்சுடாதீங்க. அங்கே முதலில் சொல்லித் தருவது, அடிபடாமல் எப்படிக் கீழே விழுவது என்பதைத்தான். ஏன் அப்படி? ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் வாழ்க்கையில் இருக்கிறது பதில்.

1860-ல், ஜப்பானின் கோபே பக்கத்திலுள்ள மிகாகேவில் பிறந்தவர் கானோ. சாகே மது தயாரிக்கும் வசதியான குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, டோக்கியோவுக்கு வந்தார். படிப்பில் கெட்டி. ஆனா ஆள் ஒல்லி, உயரமும் கம்மி. விடுதிப் பள்ளியில் பெரிய பையன்கள் அவரைப் போட்டு வாட்டி எடுத்தாங்க. பலசாலியைக்கூட ஜுஜுட்சு தெரிந்தால் சமாளிக்கலாம் என்று கேள்விப்பட்டவர், எப்படியாவது அதைக் கற்றுவிடத் துடித்தார்.

சிக்கல் என்னன்னா, சாமுராய்களின் காலம் முடிந்து, ஜுஜுட்சுவை யாரும் மதிக்காத நேரம் அது. அப்பாவும் சம்மதிக்கவில்லை. 1877-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், கானோ எலும்பு முறிவு வைத்தியர்களைத் தேடிப் போனார். ஜுஜுட்சு தெரிந்த பலர் அந்தத் தொழிலில்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிடைத்தவர்தான் முதல் குரு, ஃபுகுடா ஹாச்சினோசுகே.

குரு ஒரு பிடியில் தூக்கிப்போடுவார். கையை எங்கே வைப்பது, காலை எப்படி நகர்த்துவது என்று கானோ கேட்பார். பதிலுக்கு, மறுபடியும் தூக்கிப்போடுவார். செய்யச் செய்யத்தான் புரியும் என்பது அவர் கட்சி. கானோவோ காரணம் தெரியாமல் விடுகிற ஆளில்லை. தன்னைவிட ரொம்ப கனமான ஒரு சக மாணவரை வீழ்த்த முடியாமல், நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகத்தைப் புரட்டினார். ஆளைத் தோளில் ஏற்றிச் சுழற்றி வீசும் ஒரு பிடி சிக்கியது. அடுத்த முறை அந்த கனமான ஆள் தரையில்!

அடுத்தடுத்து இரண்டு குருக்கள் இறந்துபோனார்கள். மூன்றாவது குருவிடம் பயிற்சி செய்தபோதுதான் முக்கியமான சூட்சுமம் பிடிபட்டது. முதலில் எதிராளியின் சமநிலையைக் குலைக்க வேண்டும். அவர் தள்ளினால் இழு, இழுத்தால் தள்ளு. நிலை தடுமாறியவரை வீழ்த்த பெரிய பலம் தேவையில்லை.

1882-ல், 21 வயதில், டோக்கியோவின் ஏய்ஷோஜி கோயிலில் கொடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். 12 பாய் விரிக்கிற அளவு இடம், 9 மாணவர்கள். அவ்வளவுதான்.

பழைய ஜுஜுட்சுவில் எலும்பை முறிக்கும் பிடிகளும் உண்டு. முழு வேகத்தில் பழகினால் கூட இருப்பவர் காலி. அதனால் பெரும்பாலான நேரம் ஒத்திகை மட்டும்தான். கானோ ஆபத்தானவற்றைத் தனியே ஒதுக்கினார். பாதுகாப்பாக விழச் சொல்லித் தந்தார். விளைவு, தினமும் முழு பலத்தோடு மோதிப் பழக முடிந்தது. எதிரே நிற்பவர் நாளைக்கும் நல்லபடியாக வந்தால்தானே நீங்கள் தேற முடியும்? தானும் பிறரும் சேர்ந்தே வளர்வது, இருக்கிற சக்தியை வீணாக்காமல் பயன்படுத்துவது... இந்த இரண்டும்தான் அவர் கற்பித்தலின் அடிப்படை.

பள்ளிகளிலும் பாடம் எடுத்தார். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ கல்லூரிக்கு 20 வருஷங்களுக்கும் மேல் தலைமை வகித்தார். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இடம்பெற்ற முதல் ஆசியரும் அவரே. 1938-ல் கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் கூட்டத்தை முடித்துவிட்டு ஜப்பான் திரும்பும்போது, கப்பலிலேயே உயிர் பிரிந்தது. ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1964-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

பெண்களுக்கும் ஜூடோ கற்றுத்தந்தவர் கானோ. இறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன், தன் முதல் குருவின் பேத்தி கெய்கோ ஃபுகுடாவையும் கொடோகானுக்கு அழைத்தார். அந்தப் பெண் பின்னாளில் அமெரிக்கா போய் ஜூடோ ஆசிரியை ஆனார். 2011-ல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு 10-வது டான் தகுதியை வழங்கியது. அந்த உயரத்தைத் தொட்ட முதல் பெண் அவர்தான். தாத்தா விளக்காமல் விட்டதை, தாத்தாவின் சீடரிடம் படித்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார் பேத்தி!