விஸ்கியைப் பாடிய மதுவரி உத்தியோகத்தர்

புலவருக்கும் மதுவுக்கும் உள்ள உறவு நம் மொழியிலே மிகப் பழையது. அதியமான் இறந்தபோது ஔவையார் அழுத அழுகையிலே, அவன் தந்த கள்ளும் நினைவுக்குரிய ஒரு பொருளாக வந்து நிற்கின்றது. பாணரும் விறலியரும் சென்ற வாயில்தோறும் தேறல் வார்க்கப்பெற்றனர். அதே தமிழிலே வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியரை நோக்கி, குடித்த புலவனின் பாட்டை எவ்வாறு மதிப்பது என்று மாணவர் வினவுவது இயல்பே. என்னை அவ்வாறு வினவியவர் பலர். அவர்களுக்கு விடையாக யான் சொல்வது ஒரு பிறநாட்டுப் புலவரின் வரலாறு. அவர் ஸ்கொத்லாந்தின் பெரும்பாவலர் றொபேட் பேர்ன்ஸ். விஸ்கியை வாயாரப் பாடியவர். பின்னர் அவ்விஸ்கிக்கே வரி அளக்கும் உத்தியோகம் பார்த்தவர். இறந்தபின் குடியால் அழிந்தார் என்ற பெயரையும் சுமந்தவர்.

1759ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், எயர்ஷயர்ப் பகுதியில் அலோவே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தோட்டத் தொழிலாளராயிருந்த தந்தையார் தம் கையாலேயே எழுப்பிய மண்சுவர்க் குடிசை அது. குழந்தை பிறந்து சில நாட்களுக்குள் வீசிய புயலிலே சுவரின் ஒரு பகுதி சரிந்து விழ, தாயையும் சேயையும் அயல்வீட்டுக்குத் தூக்கிச் செல்லவேண்டியதாயிற்று. தந்தையார் வறியவராயினும் கல்வியின் அருமை அறிந்தவர். அயலிலுள்ள சிலரோடு கூடி, ஜோன் மேர்டொக் என்ற இளைஞரை ஆசிரியராக அமர்த்திப் பிள்ளைகளுக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். பின்னர் குத்தகைக்கு எடுத்த நிலங்களெல்லாம் கல்லும் களிமண்ணுமாயிருந்தன. பதினைந்து வயதிற்குள் பண்ணையின் முதன்மையான உழைப்பாளியாகிவிட்டார் பேர்ன்ஸ். வளரும் உடம்பு தாங்காத அவ்வுழைப்பை வாசகர் நினைவிற் கொள்க. அது பின்னர் வேண்டப்படும். நிலக்கிழாரோடு நடந்த வழக்கிலே நொந்து தளர்ந்த தந்தையார் 1784இல் காலமானார்.

அடுத்த ஈராண்டுகளிலே அவர் எழுதியவை வியக்கத்தக்க அளவின. கொத்தர் ஜேம்ஸ் ஆமரின் மகள் ஜீனோடு ஏற்பட்ட காதலும், அத்தந்தை இளைஞரை ஏற்க மறுத்த அவமானமும், கையிலே பணமின்மையும் ஒன்று சேர்ந்து, ஜமேக்காத் தீவுக்குக் கப்பலேறிவிடும் எண்ணத்தை அவருக்கு உண்டாக்கின. அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த தோட்டமொன்றிலே கணக்கெழுதும் வேலை அது. மனிதர் யாவரும் உடன்பிறந்தார் என்று பின்னாளிற் பாடியவர் அதற்கு உடன்பட்டமை அவர் வாழ்க்கையில் ஒரு கறையே. நல்வினையாக அவர் போகவில்லை. 1786 ஜூலை 31ஆம் நாள் கில்மார்னொக் நகரில் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 612 பிரதிகள், விலை மூன்று சிலிங். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. உழவர் மொழியிலே உழவர் பாடிய அந்நூல் எடின்பரோக் கனவான்களின் மேசையையும் அடைந்தது.

அந்த முதல் நூலிலேயே விஸ்கி பற்றிய பாடல்கள் இரண்டு உள. ஒன்று ஸ்கொத்லாந்துக் குடிவகையின் புகழ். மற்றது பாராளுமன்றத்தில் அந்நாட்டுக்கெனவிருந்த 45 உறுப்பினரையும் விளித்து, வடிசாலைகளை நெரிக்கும் வரியைத் தளர்த்துமாறு செய்யும் விண்ணப்பம். இவற்றின் சுவையை அறிய விஸ்கியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

விஸ்கி என்ற சொல், மலைநாட்டார் மொழியில் உயிர்நீர் எனப் பொருள்படும் தொடரின் சிதைவு. வாற்கோதுமையை நனைத்து முளைக்கவைத்து, முளை நீளுமுன் சூட்டிலே உலர்த்துவர். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிய மட்கட்டிகளை எரித்து உலர்த்தினால் அப்புகையின் மணம் தானியத்தில் ஏறும். பின் அதனை அரைத்து, வெந்நீரிலே கரைத்து, புளிக்கவைத்து, செப்பு வாலையில் இருமுறை வடிப்பர். வேறு தானியம் கலவாது, ஒரே வடிசாலையில் இவ்வாறு வடித்ததையே இன்று சிங்கிள் மோல்ட் என்று உலகம் விலைகொடுத்துத் தேடுகின்றது. பேர்ன்ஸ் காலத்தில் அப்பெயர் இல்லை. மரப்பீப்பாவில் ஆண்டுக்கணக்கில் வைத்து முதிர்விக்கும் சட்டமும் இல்லை. பெரும்பாலும் வடித்த சூட்டோடு குடித்தனர். ஆனால் வாலை சிறிதாயும் நெருப்பு மெதுவாயும் இருந்தால் சரக்கு நன்றாயிருக்கும் என்பதை அன்றும் யாவரும் அறிந்திருந்தனர்.

அந்த நல்ல சரக்குக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் பெரின்டொஷ். 1689இல் அரசனுக்கு எதிரானோர் பெரின்டொஷ் நிலக்கிழாரின் சொத்தை அழித்தனர். அதற்கு ஈடாக, அடுத்த ஆண்டில், அவர் நிலத்துத் தானியத்தை மிகச் சிறு தொகை செலுத்தி வடித்துக்கொள்ளும் உரிமை அளிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நிலைத்த அவ்வுரிமையை 1784ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. நட்டஈடாக 21,000 பவுணுக்கு மேற் கொடுத்தார்கள். அது குடும்பத்தாருக்குச் சென்றது. குடித்தவர்களுக்குக் கிடைத்தது பேர்ன்ஸின் ஒப்பாரி மட்டுமே. அது நகைச்சுவை என்று எண்ணுவாருளர். யான் அவ்வாறு எண்ணேன். தாழ்நாட்டிலே வாலையின் கொள்ளளவைப் பார்த்து வரி விதித்ததனால், வடிப்போர் ஆழங்குறைந்த வாலைகளைச் செய்து, இரவு பகலாகக் கொதிக்கவிட்டு, ஒரு வரிக்குப் பலமடங்கு வடித்தனர். சரக்குக் கெட்டது. நாட்டுப்புறத்து ஏழை தன் வாற்கோதுமையைத் தானே வடிக்கும் வழியும் குறுகியது. தன் நாட்டு மக்களின் ஒரு கைவினை கெடுவதைக் கண்ட புலவரின் துயரமே அது.

எடின்பரோவில் அவர் பெற்ற புகழை விரிக்க வேண்டியதில்லை. அது ஈராண்டிற்குள் வற்றியது. 1788இல் ஜீனை முறைப்படி மனைவியாக ஏற்று, டம்பிரீசுக்கு அணித்தான எலிஸ்லாந்து என்னும் பண்ணையிற் குடியேறினார். முன்னர் மருமகனென்று ஏற்க மறுத்த மாமனார், இப்போது கரும்பச்சைச் சலவைக்கல்லிலே தம் கையாற் செதுக்கிய மதுக்கிண்ணம் ஒன்றைத் திருமணப் பரிசாக அளித்தார். கொத்தர் மன்னிப்புக் கேட்ட முறை அதுவோ என்னவோ!

அவ்வாண்டு டிசம்பரில் ஜோன் டெனன்ட் என்ற நண்பர் ஒரு பீப்பா விஸ்கி அனுப்பியிருந்தார். அதற்குப் பேர்ன்ஸ் எழுதிய நன்றிக் கடிதம் ஓர் ஆய்வுரை போன்றது. அச்சரக்கு ஐந்து பங்கு நீர் கலந்தாலும் வலிமையோடு நிற்கும், ஆறு பங்கு கலந்தால் சாதாரண ரொடி ஆகும் என்று அளவு கூறுகிறார். தாம் குடியேறிய பகுதியின் விஸ்கி போக்கிரித்தனமானது, அதனைக் குடிப்போரும் அத்தகையோரே என்று பழிக்கிறார். நண்பர் மீண்டும் வடிக்கத் தொடங்குவாராயின் இங்கே நல்ல வாற்கோதுமை உண்டென்று வணிகமும் பேசுகிறார். நீரை அளந்து கலந்து சுவைப்பவனுடைய நாக்கு, மயக்கத்தையே நாடுபவனுடைய நாக்கன்று. ரொடி என்ற சொல்லும் நமக்கு அயலன்று. வெந்நீரும் சீனியும் சேர்த்த விஸ்கிக்கு ஸ்கொத்லாந்தார் இட்ட பெயர் அது. நம் நாட்டு ஆங்கிலத்திலே பனங்கள்ளுக்கும் தென்னங்கள்ளுக்கும் அதுவே பெயர். கள்ளைக் குறித்த தாடி என்ற வட இந்தியச் சொல் கப்பலேறிச் சென்று, அக்குளிர்நாட்டிலே வெந்நீரிற் கலந்தது!

பண்ணை பலன் தரவில்லை. பிள்ளைகள் பெருகினர். முன்னரே ஆறு வாரம் அளவைத் தொழில் பயின்றிருந்த பேர்ன்ஸ், 1789இல் மதுவரி உத்தியோகத்தில் அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 50 பவுண். பத்துக் கோவிற்பற்றுகள் அவர் ஆட்சியில் இருந்தன. வாரந்தோறும் ஏறக்குறைய இருநூறு மைல் குதிரையிற் செல்ல வேண்டும். பீப்பாவிலே அளவுகோலை இறக்கி, நனைந்த அளவைப் பார்த்து, கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். முளைதானியம், மெழுகுதிரி, தோல் முதலியவற்றிற்கும் வரி உண்டு. வரி குறையுங்கள் என்று 45 பேரை வேண்டிய பாடல் வெளிவந்து மூன்றாண்டே ஆகியிருந்தது. இம்முரண்பாட்டை அவரே நன்கு அறிந்திருந்தார். 1792இல், மதுவரிக்காரனைப் பேய் தூக்கிச் சென்றதென ஊரார் கூத்தாடும் பாட்டொன்றை அவர் பாடினார். தன் உத்தியோகத்தைத் தானே இவ்வாறு பாடிய அரசாங்க ஊழியர் வேறொருவரை யான் அறியேன்.

உத்தியோகத்தில் அவர் கண்டிப்பானவர். ஆனால் கண் உள்ளவர். சந்தை நாளில் அனுமதியின்றி மது விற்ற ஏழைப் பெண்ணொருத்தியின் கதவைத் தட்டி, மேலதிகாரியோடு தாம் சிறிது நேரத்தில் வரப்போவதாகக் குறிப்புணர்த்திச் சென்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. பெருங் கடத்தற்காரரிடம் அந்த இரக்கம் இல்லை. 1792 பெப்ரவரியில் சொல்வே கழிமுகத்தில் தரைதட்டிய றொசமொண்ட் என்னும் கடத்தற் கப்பலைக் கைப்பற்ற நீரில் இறங்கியோருள் அவரும் ஒருவர். முந்திய ஆண்டின் இறுதியிலேயே பண்ணையைக் கைவிட்டு டம்பிரீஸ் நகரத்துக்கு வந்துவிட்டார். சம்பளம் 70 பவுணாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியில் அவர் காட்டிய பரிவு பற்றி மேலிடம் விசாரணை நடத்தியதும் உண்டு. பிள்ளைகளை நினைத்து அஞ்சிப் பணிவாகக் கடிதம் எழுதி அவர் உத்தியோகத்தைக் காத்துக்கொண்டார். இக்காலமெல்லாம் பழைய நாட்டுப் பாடல்களைத் திரட்டியும் திருத்தியும் புதியன புனைந்தும் இரு பெருந் தொகுதிகளுக்கு அளித்தார். அதற்கு ஊதியம் கேட்கவில்லை.

அவர் குடிக்கவில்லை என்று யான் சாதிக்க வரவில்லை. விருந்தொன்றில் அளவு மீறி நடந்து, நல்ல நட்பொன்றை இழந்து, மறுநாள் வெட்கித்து மன்னிப்புக் கடிதம் எழுதியவரே அவர். அக்காலக் கனவான்களும் அவ்வாறே குடித்தனர். அவர்களைப் பற்றி எவரும் நூல் எழுதவில்லை.

1796இல் நோய் முற்றியது. மூட்டுநோவும் காய்ச்சலும் கொண்ட அவரை, குளிர்ந்த கடலில் மார்பளவு நீரில் நிற்குமாறு மருத்துவர் பணித்தனர். வேலைக்குச் செல்லாத நாட்களுக்குச் சம்பளம் குறையும் என்ற நிலையில், ஸ்டோபி என்ற இளம் உத்தியோகத்தர் ஊதியம் பெறாது அவர் வேலையைத் தாமே பார்த்தார். தொண்டர் படைச் சீருடைக்காகத் தையற்காரருக்குக் கொடுக்கவேண்டிய கடன் ஏழு பவுண் சொச்சம். அதற்காகச் சிறையிடுவரோ என்ற அச்சத்தில் ஐந்து பவுணும் பத்துப் பவுணும் கேட்டுக் கடிதங்கள் எழுதினார். ஜூலை 21ஆம் நாள் இறந்தார். வயது 37.

அவருடைய முதற் பெரு வரலாற்றை 1800இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டவர் லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கறீ. விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பொருள் சேர்ப்பதற்காக எழுதிய நூல். நோக்கம் உயர்ந்தது. ஆயினும், பேர்ன்ஸோடு நெருங்கிப் பழகாத அவர் மதுவைப் பெரிதும் கடிந்தவர். ஆதலின் அச்சாவைக் குடியின் விளைவாகக் காட்டினார். பணம் சேர்ந்தது, பழியும் சேர்ந்தது. கறீயோ காய்ச்சலுக்குக் குளிர்நீர்ச் சிகிச்சையைப் பரப்பி நூல் எழுதியவர். பேர்ன்ஸை நிற்கவைத்த குளிர்ந்த கடலின்மீது அவருக்கு ஐயம் எழாமை வியப்பன்று!

மறுத்துச் சாட்சி சொன்னோர் அருகிலிருந்து பார்த்தவர்கள். 1815இல் வெளிவந்த பதிப்பொன்றிலே மதுவரி மேற்பார்வையாளர் பிண்ட்லேற்றர், பேர்ன்ஸ் தம் கடமையில் தவறவில்லை என்று எழுதினார். டம்பிரீஸ் பாடசாலை ஆசிரியர் ஜேம்ஸ் கிரே, அத்தந்தை தம் மகனை அருகில் இருத்தி ஆங்கிலப் புலவர்களின் நூல்களைப் படிப்பித்ததைத் தாம் கண்டதாகச் சொன்னார். ஓர் ஆசிரியரின் இந்தச் சாட்சியையே யான் பெரிதாக மதிக்கிறேன். மாலையில் வெறித்துக் கிடப்பவர் பிள்ளைக்குப் பாடஞ் சொல்லுதல் இயலாது. பின்வந்த மருத்துவர் பலரும், சிறுவயது உழைப்பினாலும் மூட்டுக்காய்ச்சலினாலும் பழுதடைந்த இதயமே அவர் சாவுக்குக் காரணம் என்று கருதினர்.

அவர் விரும்பிய நல்ல விஸ்கி சட்டத்தின் வெளிச்சத்துக்கு வர மேலும் ஒரு தலைமுறை சென்றது. 1823இல் வரிச்சட்டம் திருந்தியது. அடுத்த ஆண்டு கிளென்லிவெட் பள்ளத்தாக்கிலே ஜோர்ஜ் சிமித் அனுமதி பெற்று வடிக்கத் தொடங்கினார். இன்று அவ்வகைச் சரக்கு சேகரிப்போர் பொருளாகிவிட்டது. 2023 நவம்பரில் இலண்டன் ஏலத்தில், 1926இல் வடித்த மக்காலன் விஸ்கிப் போத்தல் ஒன்று இருபது இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. பேர்ன்ஸின் நினைவு விருந்து முதன்முதலாக 1801 ஜூலையில், அவர் பிறந்த குடிசையிலே, ஒன்பது பேர் கூடி நடந்தது. இப்போது அது அவர் பிறந்த நாளையொட்டி உலகின் பல நகரங்களில் நடைபெறுகின்றது.

பேர்ன்ஸை அடக்கஞ் செய்த ஜூலை 25ஆம் நாளே ஜீன் கடைசி மகனைப் பெற்றார். டம்பிரீசிலுள்ள அதே வீட்டில் மேலும் முப்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்து 1834இல் இறந்தார். அவர் தந்தை செதுக்கிய சலவைக்கற் கிண்ணம் இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது.