வில்லியம் விதரிங்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது தாத்தாவின் கால்கள் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. வயதானால் அப்படித்தான் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். மருத்துவம் பயிலும் நானும் இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பின்னரே, இதயம் வலுவிழந்து உடலில் நீர் தேங்கியிருப்பதை அறிந்தோம். அன்றிரவு அவர் கட்டிலருகே நான் வெட்கத்தோடு நினைத்துக்கொண்ட பெயர் வில்லியம் விதரிங்.

அவர் 1741-இல் இங்கிலாந்தின் வெலிங்டனில் பிறந்தவர். எடின்பரோவில் 1766-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் தாவர இயல் அவருக்குக் கசந்தது. பின்னர் ஸ்டாஃபோர்டில், தம்மிடம் சிகிச்சைக்கு வந்த ஹெலனா என்ற ஓவியப் பெண்ணுக்காகப் பூத்தேடப் போனவர் தாவர வல்லுநரே ஆகிவிட்டார். 1772-இல் அப்பெண்ணை மணந்தும் கொண்டார்!

நீர்வீக்கத்துக்கு ஒரு மூதாட்டி கொடுத்துவந்த குடும்ப மருந்து 1775-இல் அவர் பார்வைக்கு வந்தது. அதிலிருந்த இருபதுக்குக் குறையாத மூலிகைகளில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் ஒன்றே என்று கண்டார். அதுவோ நஞ்சு, அளவு மிஞ்சினால் உயிர் போகும். ஆகவே பத்தாண்டுகள் நோயாளிகளின் நாடி, சிறுநீர், வீக்கம், மூச்சு ஆகியவற்றை இடைவிடாது கவனித்துக் குறித்தார். சிறுநீர் பெருகினாலோ, குமட்டினாலோ, நாடி தளர்ந்தாலோ, பேதியானாலோ மருந்தை உடனே நிறுத்த வேண்டும் என்று விதி வகுத்தார். 1785-இல் வெளியிட்ட நூலில் குணமானவர்களை மட்டுமல்ல, குணமாகாதவர்களையும் மறைக்காமல் எழுதினார். 1799-இல் நுரையீரல் நோயால் மறைந்தார்.

இன்று நீரை வெளியேற்றும் மாத்திரைகளே முன்னிற்கின்றன, டிஜிட்டாலிஸ் பின்தங்கிவிட்டது. ஆனால் அவருடைய கவனிப்பு பழசாகவில்லை. காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், தினமும் எடை பார்க்கச் சொல்கிறார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் தேங்குவது பெரும்பாலும் நீர்தான். பல நேரம் கால் வீங்குமுன்பே எடை அதைச் சொல்லிவிடும்.

தாத்தா பிழைத்தார். அவர் எடையைப் பாட்டி தினமும் காலண்டரில் குறித்துவருகிறாள்.

நண்பர்களே, விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசும்போது, பெரியவர்களிடம் சாப்பாட்டை மட்டும் விசாரிக்காதீர்கள். கால் வீக்கம் உண்டா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.