நியாயவாதி சார்லஸ் ஹூஸ்டன் சரித்திரச் சுருக்கம்

கல்வியின் பயன் கற்றவன் வீட்டளவில் நின்றொழியுமோ, அவன் சமூகத்தார் யாவரையும் சென்று சேருமோ என்னும் வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் அமெரிக்க நியாயவாதி சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்பார்.

இவர் 1895ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3ஆந் தேதி வாஷிங்டன் நகரிற் பிறந்தார். பாட்டனார் அடிமையாயிருந்தவர், தந்தையார் வக்கீல். இவர் பிறந்த மறு ஆண்டே, வெள்ளையர்க்கும் கருநிறத்தார்க்கும் தனித்தனி இடம் வகுத்தல் குற்றமன்று, இரண்டும் சமமாயிருப்பின் போதும் என அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். சமத்துவம் ஏட்டளவில் நின்றது. வேற்றுமையே எங்கணும் நிலவிற்று.

ஆம்ஹர்ஸ்ட் கலாசாலையிற் சேர்ந்த ஹூஸ்டன், தம் வகுப்பிற் கருநிறத்தார் தாமொருவரேயாகவும், 1915இல் முதன்மைச் சிறப்புடன் தேறினார். பின்னர் ஹோவர்ட் சர்வகலாசாலையில் ஆங்கிலம் கற்பித்தார். முதல் உலக யுத்தத்திற் படையதிகாரியாய்ப் பிரான்சு சென்றபோது, நாட்டின்பொருட்டு உயிர் கொடுக்க வந்த தம்மினத்தாரை அந்நாட்டுப் படையினரே இழிவு செய்தல் கண்டு உளம் நொந்தார். எதிர்த்துப் பேச வலியற்றோர்க்காகப் பேசுதற்குச் சட்டமே கருவியெனத் துணிந்து, 1919இல் ஹார்வர்டு சட்டக் கலாசாலை புக்கார். அதன் சட்ட சஞ்சிகையின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் கருநிறத்தார் இவரே. 1923இல் சட்ட டாக்டர் பட்டமும் பெற்றார்.

தந்தையாருடன் தொழில் நடத்திச் சுகமாய் வாழ்ந்திருக்கலாம். எனினும் 1929இல் ஹோவர்ட் சட்டக் கலாசாலையின் உபதலைமையை ஏற்றார். இராப்பள்ளியாயிருந்த அதனை முழுநேரப் பகற்பள்ளியாக்கினார். பகலில் உழைத்து இரவிற் கற்றோர்க்கு இஃது இடராயிற்று, மாணாக்கர் தொகையும் குறைந்தது, குறைகூறினாரும் உளர். ஆயினும் தேர்ந்த வக்கீல்களின்றி உரிமை கைகூடாதென்பது அவர் துணிபு. 1931இல் அக்கலாசாலை அமெரிக்க வக்கீல் சங்கத்தாரின் அங்கீகாரம் பெற்றது.

1935இல் கருநிறத்தார் முன்னேற்றத்திற்கான தேசீய சங்கத்தின் வழக்குரைஞரானார். தனித்தனியாயினும் சமம் என்னும் விதியையே அவர் படைக்கலமாகக் கொண்டார். உண்மையிற் சமமாக நடத்துவதாயின் ஒவ்வொரு இராச்சியமும் எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டும். அதற்குரிய பொருட்செலவைத் தாங்கவொண்ணாது என்பதே அவர் கணிப்பு. மேரிலாந்து இராச்சியத்துச் சட்டக் கலாசாலையின் கதவை, தம் மாணாக்கர் தர்குட் மார்ஷலுடன் வாதாடித் திறப்பித்தார். மிசூரி இராச்சியத்தாரோ, கருநிற மாணவனை அயலிராச்சியத்திற்கு அனுப்பிப் படிப்புச் சம்பளம் கொடுப்போமென்றனர். அது சமமாகாதென 1938இல் சுப்ரீம் கோர்ட்டிலேயே வென்றார்.

ஓய்வறியா உழைப்பால் இருதயம் நலிந்து, 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22ஆந் தேதி தம் 54ஆம் வயதில் உயிர்நீத்தார். நான்காண்டு கழித்து, 1954இல், பள்ளிகளில் நிறம்பற்றிப் பிள்ளைகளைப் பிரித்தல் சட்டவிரோதமெனத் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கை முன்னின்று நடத்தியவர் அம்மார்ஷலே. அவர் 1967இல் அக்கோர்ட்டின் நீதிபதியுமானார்.

தாம் நட்ட மரத்தின் கனியை ஹூஸ்டன் உண்டாரில்லை. எனினும் அவர்பாற் பயின்றோர் அதனைப் பறித்துப் பல்லாயிரஞ் சிறார்க்கு வழங்கினர். தம் மக்களைப் பள்ளிக்கு விடுக்கும் பெற்றோரும், அவர்களைக் கற்பிக்கும் எம்மனோரும் நெஞ்சிற் கொள்ளத்தக்கது இதுவேயாம்.